ஆன்டிபயாட்டிக் போட்ட எத்தனையாவது நாளில் சைனஸ் வலி குறைந்தது

நாலாவது மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணாடி முன் நின்று வலது கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். முந்தின நாள் எப்படி வலித்ததோ அப்படியேதான் வலித்தது. ஆன்டிபயாட்டிக் தொடங்கி 36 மணி நேரம் ஆகியிருந்தது. மருந்து கேட்கவில்லை, வேறு மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, காலையில் பார்த்தபோது 98.8. "வலி நேத்தைவிடக் கூடியிருக்கா, அதே அளவா?" அதே அளவு. "கண்ணைச் சுத்தி வீக்கம் ஏதாவது?" இல்லை. "அப்போ மருந்து வேலை செய்யுதுன்னுதான் நினைக்கிறேன். நாளை ராத்திரி வரைக்கும் பொறுங்க. அப்பவும் இப்படியே இருந்தா கூப்பிடுங்க."

அந்த ஒன்றரை நாள் எனக்கு மிக நீளமாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் என்றால் மறுநாளே தலை லேசாகிவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி நம்பி, இரண்டாம் நாளே பயந்து, மருந்தை நிறுத்துபவர்களும் மாற்றுபவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் என் நாட்களை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாதாரணச் சளியாகத்தான் தொடங்கியது. தும்மல், தொண்டை அரிப்பு, மூக்கு ஒழுகல். வியாழக்கிழமைக்குள் பாதி போய்விட்டது, வெள்ளிக்கிழமை வேலைக்கும் போனேன். சனிக்கிழமை மாலை எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் வேறு மாதிரி. வலது கன்னத்தில் மட்டும் ஒரு பாரம். மேல் தாடையின் பின்பற்கள் நாலும் சேர்ந்து வலித்தன. ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது, கன்னத்துக்குள் ஏதோ கனமான திரவம் முன்பக்கம் சரிந்து வந்து எலும்பில் இடிப்பது போல இருந்தது. கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தேன். இரவு காய்ச்சல் 101-ஐத் தொட்டது. மூக்கைச் சிந்தினால் கெட்டியான மஞ்சள் பச்சைச் சளி, அதுவும் வலப்பக்கம்தான் அதிகம்.

பல் வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போகத்தான் முதலில் கிளம்பினேன். கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரை, மேல் பற்களின் வேர்களுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அறையில் அழுத்தம் கூடினால் பற்கள் வலிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாறாக, பல்லில் இருக்கும் சீழ் மேலே ஏறி சைனஸைக் கெடுப்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி வந்து, கெட்ட வாடையும் அடித்தால் பல்லையும் பார்த்துவிடுவது நல்லது.

செவ்வாய்க்கிழமை, அதாவது சளி பிடித்த பத்தாவது நாள், டாக்டரிடம் போனேன். மூக்கைப் பார்த்தார், கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், தேவையில்லை என்றார். சாதாரணச் சளியிலும் சைனஸ் அறைகள் அடைத்துக்கொண்டு படத்தில் மங்கலாகத் தெரியும், அதை வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று பிரிக்க முடியாது என்று விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டது நாட்கணக்கைத்தான். எப்போது தொடங்கியது, எப்போது குறைந்தது, எப்போது மறுபடி கூடியது.

அந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது புரிகிறது. பெரியவர்களுக்கு வரும் சளியில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றில் 100-க்கு இரண்டோ அதற்கும் குறைவோதான் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுகின்றன. டாக்டர்கள் அதைச் சந்தேகிப்பது மூன்று விதமான போக்கைப் பார்த்து. பத்து நாள் ஆகியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது ஒன்று. தொடக்கத்திலேயே 102 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சலும் சீழ் போன்ற சளியோ முக வலியோ சேர்ந்து மூன்று நான்கு நாள் நீடிப்பது இன்னொன்று. ஐந்தாறு நாளில் குறைந்து வந்த சளி திடீரென்று மறுபடி காய்ச்சல், தலைவலி, அதிகச் சளி என்று திரும்புவது மூன்றாவது. எனக்கு வந்தது அந்த மூன்றாவது.

சளியின் நிறம் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். பச்சை நிறம் என்றால் பாக்டீரியா என்று நானும் பல வருடம் நம்பினேன். உடம்பு தன் பாதுகாப்புக்காக அனுப்பும் வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு என்சைம் இருக்கிறது. அந்த அணுக்கள் சளியில் நிறையச் சேர்ந்தால் நிறம் மாறுகிறது. வைரஸ் சளியிலும் மூன்று நான்கு நாளில் அப்படி ஆவது சகஜம்.

அந்த நம்பிக்கையால் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சளி பிடித்த நாலாம் நாள், பச்சையாக வருகிறதே என்று, முன்பு எப்போதோ வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் மூன்றை நானாகவே போட்டுக்கொண்டேன். ஏழாம் நாள் சரியானது. மாத்திரைதான் சரிசெய்தது என்று நினைத்துக்கொண்டேன், மற்றவர்களுக்கும் சொன்னேன். வைரஸ் சளி தானாகக் குறையத் தொடங்கும் நாளும் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த மூன்று மாத்திரையால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை, உடம்பில் இருக்கும் கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

சரி, இந்த முறைக்கு வருகிறேன். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட், காலை ஒன்று இரவு ஒன்று, 7 நாள். கூடவே வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே, சலைன் என்னும் உப்புநீர் கொண்டு மூக்கைக் கழுவுவது, வலிக்குப் பாராசிட்டமால். பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். இருந்தால் டாக்ஸிசைக்ளின் போல வேறு வகை தருவார்களாம். கிளம்பும்போது, "தினமும் வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. இல்லைன்னா குறையறது உங்களுக்கே தெரியாது" என்றார். அந்த நோட்டு இல்லாவிட்டால் இதை நான் இவ்வளவு துல்லியமாக எழுத முடியாது.

செவ்வாய் இரவு முதல் மாத்திரை. வலி 8. புதன் காலை 8, இரவும் 8. பாராசிட்டமால் போட்டால் மூன்று மணி நேரம் 5-க்கு இறங்கி மறுபடி ஏறியது. வியாழன் காலை, பாராசிட்டமால் போடாமலே, காய்ச்சல் இல்லை. வலி மட்டும் அப்படியே 8. அன்றுதான் போன் செய்தேன். வெள்ளி காலை 7. வெள்ளி இரவு, சரியாக 72 மணி நேரத்தில், 5. சனிக்கிழமை 4. ஞாயிறு காலை ஷூ கயிறு கட்டக் குனிந்தேன், லேசான இழுப்பு மட்டும் இருந்தது.

இன்னொரு விஷயம் பயமுறுத்தியது. வெள்ளி இரவிலிருந்து சளி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மூக்கைக் கழுவும்போது வலப்பக்கத்திலிருந்து கெட்டியாக, கயிறு போல ஒன்று வந்தது. அது வந்த நிமிடத்தில் கன்னத்துக்குள் சின்னதாக ஒரு "டக்" சத்தம், அப்புறம் அந்த இடத்தில் காற்று புகுந்தது போல ஒரு குளிர்ச்சி. தொற்று கூடிவிட்டதோ என்று நினைத்தேன். உண்மையில் அடைத்திருந்த வாய் திறந்து தேங்கியது வடியத் தொடங்கியிருக்கிறது. வலியும் காய்ச்சலும் குறைந்துகொண்டே சளி கூடினால் கவலைப்பட வேண்டாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். வலியும் சேர்ந்து கூடினால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? எனக்கு அவர் வரைந்து காட்டிய படம்தான் இதை விளங்க வைத்தது. கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு வாசல் கீழே இல்லை, மேலே, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடியாது. உள்சவ்வில் இருக்கும் நுண்ணிய முடிகள் அதை மேல்நோக்கித் தள்ளி வாசல் வழியாக வெளியேற்றுகின்றன. சளி பிடித்தால் வாசல் வீங்கி மூடிக்கொள்கிறது, அந்த முடிகளும் சரியாக வேலை செய்வதில்லை. தேங்கிய இடத்தில் பாக்டீரியா பெருகுகிறது. ஆன்டிபயாட்டிக் கொல்வது அந்தப் பாக்டீரியாவைத்தான். வீக்கம் வடிவதும், வாசல் திறப்பதும், சவ்வு தேறி மறுபடி சளியைத் தள்ளத் தொடங்குவதும் உடம்பு செய்ய வேண்டிய வேலைகள். அவற்றுக்கு நாட்கள் ஆகும். அதனால்தான் காய்ச்சல் முதலில் போனது, வலி பிறகு, அடைப்பு அதற்கும் பிறகு, மங்கிப் போயிருந்த வாசனை உணர்வு திரும்பியது கடைசியில்.

இதைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் பார்த்தேன். அமெரிக்காவில் 166 பெரியவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை; இரு தரப்புக்கும் வலி, காய்ச்சல், அடைப்புக்கான மற்ற மருந்துகள் உண்டு. மூன்றாம் நாள் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழாம் நாள் தேறியதாகச் சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 74, வெற்று மாத்திரையில் 56. பத்தாம் நாள் 78-ம் 80-ம், அதாவது வித்தியாசமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆன்டிபயாட்டிக் இல்லாமலே ஒரு வாரத்தில் 100-க்கு 46 பேரும் இரண்டு வாரத்தில் 64 பேரும் குணமாகிறார்கள். ஆன்டிபயாட்டிக் எடுத்தால் கூடுதலாக 5 முதல் 11 பேர் வரை சீக்கிரம் குணமாகிறார்கள். ஆனால் 13 பேருக்குக் கூடுதலாகப் பக்கவிளைவு வருகிறது, பெரும்பாலும் வயிற்றில்.

இந்த எண்களைப் படித்தபோது, நான் மாத்திரை எடுத்தது வீணோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆய்வுகளில் எல்லா விதமானவர்களும் இருக்கிறார்கள், வெறும் வைரஸ் சளிக்காரர்களும் அதில் கலந்திருப்பார்கள். குறைந்து மறுபடி ஏறிய சளி, காய்ச்சல், ஒரு பக்க வலி என்று எனக்கு இருந்த போக்கில் டாக்டர் மருந்து கொடுத்தது நியாயம். ஆனால் வெறும் பாரமும் அடைப்பும் மட்டும் இருந்து காய்ச்சல் இல்லாமல் இருந்தால், இன்னும் சில நாள் பார்க்கலாமா என்று டாக்டரிடம் நாமே கேட்கலாம். பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் அப்படிக் காத்திருப்பதும் முறையான ஒரு வழியாகவே இருக்கிறது. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, குறையாவிட்டால் மட்டும் வாங்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு.

என் வயிறும் அந்த 13 பேரில் சேர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து தினம் மூன்று நான்கு தடவை இளக்கமாகப் போனது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதுதான் காரணமோ என்று கேட்டேன்; சாப்பிடத் தொடங்கும்போதே போட்டால் வயிறு அவ்வளவு கெடாது என்றார். மாற்றியபின் குறைந்தது. தண்ணீர் போலப் பல தடவை போனாலோ, ரத்தம் கலந்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்துக்கூட அப்படிப்பட்ட வயிற்றுப்போக்கு வரலாம் என்பதால் அப்போதும் ஆன்டிபயாட்டிக் எடுத்ததைச் சொல்ல மறக்கக் கூடாது.

அந்த முதல் மூன்று நாளைக் கடக்க எனக்கு உதவியது மூக்கு கழுவுவதுதான். இதில் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடவே கூடாது. அரிதாக அதில் இருக்கும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுத்திருக்கிறது. நன்றாகக் கொதித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவைத்த தண்ணீரில்தான் சலைன் பொடியைக் கலந்தேன். பொடி போடாமல் வெறும் தண்ணீர் விட்டால் உள்ளே சுரீர் என்று எரியும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பாட்டிலை மெதுவாக அமுக்கினால் ஒரு மூக்கில் விட்டது மறு மூக்கில் வரும். அடைப்பு அதிகமாக இருந்தால் வராது, வற்புறுத்தக் கூடாது. கழுவி முடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் ஸ்ப்ரே, இல்லாவிட்டால் மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஸ்ப்ரேயையும் நான் முதல் இரண்டு நாள் தவறாகத்தான் அடித்தேன். தலையை அண்ணாந்து, நேரே மேலே. மருந்தெல்லாம் தொண்டைக்குப் போனது, நடுத்தண்டில் பட்டு லேசாக ரத்தமும் கசிந்தது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று பிடித்தால், முனை தானாகவே காதுப் பக்கம் திரும்பும். அடித்தபின் பலமாக உறிஞ்ச வேண்டாம். அடைப்பை நொடியில் திறக்கும் வேறு வகை ஸ்ப்ரே இருக்கிறது, ஸைலோமெட்டாஸோலின், ஆக்ஸிமெட்டாஸோலின் போன்றவை. இரண்டு இரவு அதன் உதவியால்தான் தூங்கினேன். ஆனால் மூன்று நான்கு நாளுக்கு மேல் போட்டால் அதை விட்டவுடன் அடைப்பு முன்பைவிட மோசமாகும் என்று டாக்டர் சொன்னதால் அந்த இரண்டு இரவோடு நிறுத்திவிட்டேன்.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் கேட்டேன். இதமாக இருந்தால் செய்யலாம், குணமாவது அதனால் வேகமாகாது, கொதிக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்பவர்கள் நிறைய என்றார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன், அது போதுமாக இருந்தது. இரவு தலையை உயர்த்தி வைக்க இரண்டு தலையணை.

எதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் அவர் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, நெற்றி வீங்குவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பது, குழப்பமாகப் பேசுவது. இதில் ஒன்று வந்தாலும் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. மூளையும் தூரத்தில் இல்லை. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் தொடக்கத்திலேயே டாக்டரிடம் போய்விட வேண்டும். மற்றவர்களுக்கு, மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் நிலைமை மோசமானாலோ, மூன்று முதல் ஐந்து நாளில் கொஞ்சமும் குறையாவிட்டாலோ திரும்பப் போய்க் காட்ட வேண்டும். மருந்து மாற்ற வேண்டியிருக்கலாம், நோயே வேறாகவும் இருக்கலாம்.

ஏழாம் நாள் கடைசி மாத்திரையைப் போட்டபோது வலி 1. ஆனால் மூக்கு முழுதாகத் திறக்கவில்லை, இரவில் தொண்டைக்குள் சளி இறங்கி இருமல் வந்தது, மாடிப்படி ஏறினால் களைப்பாக இருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தொற்று அடங்கிவிட்டது, இது சவ்வு தேறுகிற நேரம், கழுவுவதையும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் மட்டும் தொடருங்கள் என்றார். வீட்டில் பலரும், "இன்னும் மூக்கு அடைச்சிருக்கே, மருந்தை நிறுத்தலாமா?" என்று கேட்டார்கள். 12 வாரத்துக்கு மேல் அடைப்பும் சளியும் நீடித்தால்தான் அது நாள்பட்ட சைனஸ் கோளாறு, அதற்கு வைத்தியம் வேறு என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

முதல் மாத்திரை போட்ட பதினோராம் நாள் காலை, முகம் கழுவச் சோப்பை எடுத்தேன். வாசனை வந்தது. மிக மெலிதாக, தூரத்தில் யாரோ பயன்படுத்துவது போல. சோப்பை மூக்குக்கு அருகில் வைத்து ஒவ்வொரு துவாரத்தையும் மூடி முகர்ந்து பார்த்தேன். இடப்பக்கம் நன்றாக, வலப்பக்கம் பாதி. ஈரக் கையோடு வந்து அதையும் நோட்டில் எழுதினேன்.

சில மாதம் கழித்து மறுபடி சளி பிடித்தது. ஐந்தாம் நாள் பச்சையாக வந்தது, இரண்டு கன்னத்திலும் பாரம், காய்ச்சல் இல்லை. அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி நாட்களை எண்ண ஆரம்பித்தேன். தினம் இரண்டு தடவை கழுவினேன், தேவைப்பட்டபோது பாராசிட்டமால் போட்டேன். ஆறாம் நாள் 4, ஏழாம் நாள் 4, எட்டாம் நாள் 3, ஒன்பதாம் நாள் 1. அந்தப் பக்கம் அதோடு நிற்கிறது.